நீ தூர்த்த குழிகள்

அப்பு,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நீ நன்றாகத்தான் இருக்கிறாய். "மீட்டிங்ல இருக்கேம்மா, சாயங்காலம் கூப்பிடுறேன்" என்று சொல்கிற குரலிலேயே அது தெரிகிறது. நீ சொன்ன சாயங்காலம் நான்கு நாளாக வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அது உன் போனால் வந்த வினை. என் எழுத்தில் பிழை இருந்தால் நீ பொறுத்துக்கொள். உன் பிழையைப் பொறுத்துக்கொள்வதாக நான் இல்லை. இதைப் பங்குச் சாமியார் தன் போனில் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்புவார். நகல் ஒன்றைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்காக அவரிடமே கொடுக்கப் போகிறேன். நீ என்னை ஊர் முன்னால் பேசினாய். நானும் ஊர் முன்னால்தான் பேசுவேன்.

நம் பழைய கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நீயாகத்தான் பெங்களூரிலிருந்து சாமியாருக்குப் போன் போட்டாய். கோட்டை, அரண்மனை, சத்திரம் என்று ஊர் ஊராய்ப் போய் மிஷின் வைத்து அளந்து, கம்ப்யூட்டருக்குள் அப்படியே கட்டி வைப்பதுதான் உன் வேலை. "நம்ம கோயிலையும் அப்படி எடுத்து வச்சுருவோம் ஃபாதர், இடிச்சாலும் போகாது" என்று நீ சொன்னதாகச் சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார். அன்றைக்கு என் நடையைப் பார்த்திருக்க வேண்டும். வத்தலக்குண்டு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

நீ மிஷினோடு வந்து இறங்கிய அன்று நாங்கள் பெண்கள் ஐந்தாறு பேர் விடியும் முன்னே கோயிலைக் கழுவி, நடுவில் ஜமுக்காளம் விரித்து வைத்திருந்தோம். நீ உள்ளே வந்ததும் தலையில் கை வைத்தாய். "யாரு இதைக் கழுவச் சொன்னது? தரை ஈரமா இருந்தா சரியா விழாதும்மா. ஜமுக்காளத்தை எடுங்க, எல்லாத்தையும் எடுங்க!" மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு பெட்டியை வைத்தாய். அது தன் தலையைத் தானே சுற்றிக்கொண்டு, சுவர்மேல் வெளிச்சத்தை எறிந்து, திரும்பி வருவதைக் கொண்டு தூரத்தைக் கணக்குப் போட்டது. அங்கங்கே வெள்ளைப் பந்துகளை வைத்தாய். தூண்களில் கட்டம் போட்ட காகிதம் ஒட்டினாய். மிஷின் தான் நின்ற இடத்தை அடையாளம் காண அது வேண்டுமாம். கோயில் உபதேசியார் சம்சாரம், பந்து பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அதற்கும் ஒரு முழம் பூ சுற்றி வைத்தாள். அதற்கும் கத்தினாய். நான் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போனதற்கும் கத்தினாய்.

"நடக்காதம்மா! நடந்தா புகை மாதிரி விழும். அப்புறம் நான் உக்காந்து அழிக்கணும்."

"என்னைய அழிப்பியாலே?"

"உன்னைய இல்லம்மா, மிஷின்ல விழுந்த உன் புகையை."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். மூன்று நாள் அளந்தாய். பிறகு ஆயிரம் போட்டோ எடுத்தாய். சுவரில் இருக்கிற காரை உதிர்ந்த இடம்கூட விட்டுவிடாமல், ஏணி போட்டு ஏறி எடுத்தாய். ஒட்டடை அடித்துப் பழகியவளுக்கு ஒட்டடையைக்கூடப் படம் பிடிக்கிற பிள்ளை. சரி, வேலை தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் பள்ளிக்கூட ஹாலில் திரை கட்டி அதைக் காட்டினாய். குறை சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருந்தது. கோயில் அந்தரத்தில் சுழன்றது. ஓட்டுக் கூரை தனியாகக் கழன்று மேலே போனது. மணிக்கூண்டுக்குள் நாம் ஏறினோம். மாதா பீடத்துக்குப் பின்னால், நான் அறுபது வருஷமாகப் பார்க்காத இடத்தையெல்லாம் பார்த்தேன். ஊரே கை தட்டியது. பிறகு நடுக்கோயிலுக்குள் இறக்கிக் கூட்டிக்கொண்டு போனாய். கல் தளம் கண்ணாடி மாதிரி கிடந்தது. குறுக்கே வரிசையாக இருக்கிற குழிகளில் ஒன்றுகூட இல்லை.

நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "ஏலே, குழி எங்க?" என்றேன். ஹாலில் மைக்கில்லாமலே என் குரல் கடைசி வரைக்கும் போகும், உனக்குத் தெரியும்.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ரெஜினா திரும்பினாள். மேலத் தெரு பெரிய வீட்டுக்காரி, எனக்கு ஒரு வயது மூத்தவள், என்னோடு சரியாகப் பேசாதவள், நானும் அவளோடு பேசாதவள். "என்ன குழி? கிராதிக் குழின்னு ஒரு கதை சொல்லிக்கிட்டுத் திரிவியே, அதுவா? நம்ம கோயில்ல அப்படி ஒண்ணு இருந்ததே இல்லைன்னு எம்புட்டுத் தடவ சொல்லிருக்கேன். இந்தா, உம் மகன் மிஷினே இல்லைங்குது" என்றாள்.

அப்போதாவது நீ சும்மா இருந்திருக்கலாம். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அது கிராதி இல்லம்மா, பந்தக்கால் குழி. பிற்காலத்துல வந்த சேதம். ஆணி, டியூப்லைட் ஒயரு, ஸ்பீக்கர் ஓட்டை எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல எடுத்தப்ப நான்தான் அதையும் அடைச்சேன். கட்டுனப்ப எப்படி இருந்துச்சோ அப்படிக் காட்டணும்ல" என்றாய். ஹால் சிரித்தது. ரெஜினா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். என் பிள்ளை, என் பிள்ளையின் மிஷின், இரண்டும் அவள் பக்கம் சாட்சி.

வீட்டுக்கு வந்தும் கேட்டேன். "பந்தக்கால்னு நீதானம்மா சொன்ன, நான் சின்னப் பையனா இருக்கும்போது?" என்று ஒரு வாய்ச் சோற்றை மென்றுகொண்டே சொன்னாய். குழம்பை ஊற்றினேன், வெஞ்சனத்தை வைத்தேன், ராத்திரி பஸ்ஸுக்கு உன்னை அனுப்பிவிட்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு. கோபம் வந்தால் வாயடைத்துப் போகிறவள் நான் அல்ல என்று உனக்கே தெரியும். அன்றைக்கு அடைத்தது கோபம் மட்டும் அல்ல. நீ சொன்னது உண்மை. நான்தான் சொன்னேன்.

இப்போது கேள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தக் கோயிலின் குறுக்கே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், தேக்குக் கிராதி ஒன்று தடுப்பாக நின்றது. பெரியவர்களுக்கு இடுப்பளவு, எனக்குக் கழுத்தளவு. பதினொரு கால்கள், கல் தளத்தில் குழி வெட்டி ஈயம் உருக்கி ஊற்றி நட்டவை. முன்னால் மேலத் தெரு, பின்னால் கீழத் தெரு. நாம் கீழத் தெரு. ஒரே சாமி, ஒரே பூசை, ஒரே பாட்டு. அவர்கள் எல்லோரும் நற்கருணை வாங்கி முடித்த பிறகு சாமியார் கிராதி வரைக்கும் நடந்து வந்து நமக்குக் கொடுப்பார். ஈஸ்டர் பாஸ்கு நாள் ஒன்றில், பீடத்தில் ஜோடித்த காகிதப் பூ ஒன்று உருண்டு வந்து கிராதிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. நான் கையை நீட்டினேன். ரெஜினாவின் அம்மா குடைக் கைப்பிடியால் என் விரல் முட்டியில் அடித்தாள். திட்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோழியை விரட்டுகிற மாதிரி அடித்தாள். அந்தப் பூவை ரெஜினா எடுத்துத் தன் தலையில் செருகிக்கொண்டாள். ரோஸ் நிறப் பூ. அவளுக்கு மறந்திருக்கலாம். அடி வாங்கியது நான்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது புதிதாக ஒரு சாமியார் வந்தார். மெலிந்த ஆள், இருமிக்கொண்டே இருப்பார். ஒரு சனிக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து ஆசாரிகளைக் கூட்டிவந்து, கிராதியைக் காலோடு அறுத்துத் தள்ளிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மேலத் தெருவில் ஒருவரும் பூசைக்கு வரவில்லை. கோயிலின் முன்பாதி காலியாகக் கிடந்தது. சாமியார் திரும்பி நின்று, "வாங்க, முன்னால வாங்க" என்று கையைக் காட்டினார். நாங்கள் எழுந்தோம், நடந்தோம். கிராதி இருந்த இடம் வந்ததும் என் அம்மா நின்றாள். அங்கே ஒன்றும் இல்லை, அறுத்த கட்டைகள் மட்டும் தளத்தில் பல் மாதிரி நின்றன. அம்மா அங்கேயே முழந்தாளிட்டாள். அவள் நின்றதைப் பார்த்து எல்லோரும் நின்றார்கள். பிறகு நாளாக நாளாக ஒவ்வொருவராக முன்னால் போனார்கள், மேலத் தெருவும் முனகிக்கொண்டே திரும்பி வந்தது. என் அம்மா மட்டும் போகவே இல்லை. அடிக்கட்டைகள் மக்கி, பிடுங்கப்பட்டு, குழிகளில் சுண்ணாம்பு பூசி, அந்தச் சுண்ணாம்பும் பெயர்ந்து போன பிறகும் போகவில்லை. என் கல்யாணத்துக்கும் பின்னால் நின்றுதான் பார்த்தாள். நீ முதல்முதலாக நற்கருணை வாங்கின புதுநன்மை அன்று வெள்ளைச் சட்டையோடு ஓடி வந்து அவள் கையைப் பிடித்து, "முன்னாடி வா அம்மாச்சி" என்று இழுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "இங்கருந்தே நல்லாத் தெரியுது அப்பு" என்றாள். அவளுக்கு அப்போது ஒரு கண்ணில் புரை. பீடத்தில் எரிகிற மெழுகுதிரிகூடத் தெரியாது.

அந்தப் புதுநன்மைக்கு முன்னால், உனக்கு ஆறு வயதில், பூசை நடக்கும்போது ஒரு குழியில் விரலை விட்டு மாட்டிக்கொண்டாய். எச்சிலைத் தொட்டு விரலை எடுத்தேன். "இது என்ன குழிம்மா?" என்று கேட்டாய். உனக்கு அந்தப் பக்கம் ரெஜினாவின் மகன் உட்கார்ந்திருந்தான். நீங்கள் இரண்டு பேரும் ஒரே மாங்காயைக் கடித்துத் தின்றுகொண்டு திரிந்த காலம். நான் என்ன சொல்ல? இவன் பாட்டி உன் அம்மாவை அடித்தாள் என்றா? உன் மண்டையில் அதை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. "திருவிழாவுக்குப் பந்தல் போட்ட குழி" என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா வீட்டில் வந்து கேட்டார்: "பொய் சொல்லி வளக்குறியே, நாளைக்கு அவனே நம்மள இல்லைன்னு சொல்லுவான்." ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு முதுகு வலியோடு வந்த மனுஷன் சொன்னது. உனக்கு என்னய்யா தெரியும் என்று வாயை அடைத்தேன். போய்ச் சேர்ந்துவிட்டார், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பார்.

என் தப்பை ஒத்துக்கொண்டேன். இப்போது உன்னுடையதுக்கு வருகிறேன். ஆறு வயதுப் பிள்ளை பந்தல் என்று நம்பலாம். முப்பத்தைந்து வயது இன்ஜினியர், ஊர் ஊராகப் பழைய கட்டடம் அளக்கிறவன், மேலே ஓட்டுக் கூரை போட்ட கோயிலுக்குள் எவனாவது பந்தல் போடுவானா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை யோசிக்க வேண்டாமா? பந்தல் கால் என்றால் வெளியே மண்ணில் நடுவார்கள். கல்லை வெட்டி ஈயம் ஊற்றியா நடுவார்கள்? ஓடு எந்த ஊர்ச் சூளையில் வந்தது என்று கேட்டுக் கேட்டு உபதேசியாரை ஓட ஓட விரட்டினாய். தளத்தில் வரிசையாக, ஒரே அளவு இடைவெளியில் குழி இருக்கிறதே, யாரைக் கேட்போம் என்று உனக்குத் தோன்றவில்லை. கேட்காமலே சேதம் என்று பெயர் வைத்தாய். நீ ஒரு கோட்டைக்குப் போனாலும் அரண்மனைக்குப் போனாலும் சொல்கிறேன், எதையாவது அடைக்கும் முன்னால் அந்த ஊரில் வயதானவள் ஒருத்தியைப் பிடித்துக் கேள். அவள் முதல் தடவை பொய் சொன்னாலும் சொல்லுவாள். இரண்டாம் தடவையும் கேள்.

நீ பஸ் ஏறின பிறகு செவ்வாய்க்கிழமை காலையில் நான் கோயிலுக்குப் போனேன். பெஞ்சு, சுரூபம், சாமியார் உள்ளே உட்கார்ந்து பாவம் கேட்கிற பாவசங்கீர்த்தனப் பெட்டி எல்லாவற்றையும் ஏற்கெனவே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெறும் கோயில். ஒரு பழைய கரண்டியைக் கொண்டுபோயிருந்தேன். உட்கார்ந்து ஒவ்வொரு குழியாக மண்ணையும் சுண்ணாம்பையும் சுரண்டி எடுத்தேன். மூட்டு வலி உயிர் போனது. ஆறாவது குழியில் ஈயம் கொஞ்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எட்டாவதில் இருக்கும்போது வாசலில் கைத்தடிச் சத்தம்.

"என்னத்தா, புதையல் தேடுறியா?" ரெஜினாதான்.

"உங்க ஆத்தா குடையத் தேடுறேன்" என்றேன்.

அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. ஒரு தூணில் சாய்ந்துகொண்டு செத்த நேரம் நான் சுரண்டுவதையே பார்த்தாள். "செத்தவங்கள ஏன் இழுக்குற? இடிக்கப் போற கோயிலு. எதுக்கு இதை ஊருக்குக் காட்டணும்? நம்ம ரெண்டு தெருப் பேரப்பிள்ளைகளும் ஒண்ணாப் படிக்குதுக" என்றாள்.

"ஒண்ணாப் படிக்கட்டும். ஒண்ணாத் தெரிஞ்சுக்கிறட்டும்."

"எனக்குத் தெரிஞ்சு இங்க ஒண்ணும் இல்ல."

நான் சுரண்டிக்கொண்டே போனேன். ஒன்பது, பத்து, பதினொன்று. கடைசிக் குழியைச் சுரண்டி முடித்து, கரண்டியைக் கீழே போட்டு, "பதினொண்ணு. வந்து எண்ணிப் பாரு. ஒண்ணுகூடக் குறையல. எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றேன்.

ரெஜினா சட்டென்று, "பன்னெண்டு" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது போலிருக்கிறது. வாயை முந்தானையால் மூடினாள். நானும் அவளைப் பார்த்தேன். வெளியே லாரி ஒன்று போனது. பிறகு அவள் கைத்தடியை நீட்டி, வடக்குத் தூணுக்கும் சுவருக்கும் நடுவில், பாவசங்கீர்த்தனப் பெட்டி நின்ற இடத்தைக் காட்டினாள். அங்கே பெட்டி நகர்ந்த தடமும் ஒரு குவியல் குப்பையும் கிடந்தன. "அதுக்கு அடியில நோண்டு. உங்க பக்கத்துல இருந்து பாத்தா தூண் மறைக்கும். எங்கம்மா அந்தக் காலுல சாஞ்சுதான் உக்காரும்" என்றாள்.

நோண்டினேன். இருந்தது. மற்றப் பதினொன்றையும் விட அது சுத்தமாக இருந்தது. பெட்டி வைத்து மூடியதால் ஈயம்கூட முழுசாக இருந்தது. கிராதியை எடுத்தபோது அதை அறுக்காமல் பிடுங்கியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாத ஒன்றை அவள் எனக்குச் சொன்னாள். அந்தக் கோயிலைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது என்பதையே என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை. அது அவள் வாயிலிருந்து வந்ததைச் செரிக்க எனக்கு இன்னொரு ஆயுசு வேண்டும்.

எழுந்திருக்க முடியாமல் நான் தளத்தில் கையை ஊன்றியபோது அவள் தடியை நீட்டினாள். பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். அதற்காக ராசியாகிவிட்டோம் என்று நினைத்துவிடாதே. வாசலில் செருப்பைப் போடும்போது, "எம் பேரை எங்கயும் எழுதிறாத" என்றாள். சரி என்று நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை தளக் கல்லைப் பெயர்க்க ஆள் வருகிறார்கள். சாமியாரிடம் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர், சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உள்ளே யாரையும் விடமாட்டேன் என்றார். ஆகவே நீ வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறு. மீட்டிங் இருந்தால் மீட்டிங்கில் சொல், என் அம்மா கூப்பிடுகிறாள் என்று. பெரிய மிஷினைக் கொடுக்க மாட்டார்கள் என்றால் கேமராவை மட்டும் கொண்டுவா. நீதானே சொன்னாய், போட்டோவை வைத்தே பள்ளம் மேடு கட்டிவிடலாம் என்று. குழிகளை நான் பிரஷால் துடைத்து வைத்திருக்கிறேன், தண்ணீர் ஊற்றவில்லை. தளத்தில் மறுபடி குழிகளை வை. பன்னிரண்டையும் வை. அதைச் செய்து முடித்ததும் மறுபடி ஹாலில் திரை கட்டி ஊருக்குக் காட்டு. சிரித்தவர்கள் எல்லோரும் வர வேண்டும்.

கம்ப்யூட்டரில் ஒவ்வோர் இடத்தையும் தொட்டால் அதைப் பற்றி எழுத்து வருகிற மாதிரி செய்திருக்கிறாயே, மணிக்கூண்டுக்கு ஒன்று, பீடத்துக்கு ஒன்று என்று. குழிகளுக்கு வரவேண்டியதை நானே எழுதித் தருகிறேன். ஒரு வார்த்தை மாற்றாதே, மெருகேற்றாதே:

"இந்தப் பன்னிரண்டும் கிராதிக் கால் குழிகள். கீழத் தெருக்காரர்கள் பீடத்துக்குப் பக்கத்தில் வராதபடி மேலத் தெருக்காரர்கள் நட்டது. கிராதியை எடுத்த பிறகும் இந்த இடத்தைத் தாண்டாமல், கடைசி வரைக்கும் பின்னாலிருந்தே பூசை கண்டவள் பெயர் சவேரியம்மாள். இதைச் சொன்னது அவள் மகள். பன்னிரண்டாவது குழியைக் காட்டியது ரெஜினா."

இங்கிலீஷிலும் போடு. தமிழ் மேலே இருக்கட்டும்.

அம்மா